அழைக்கும் குரலுக்குச் செவிகொடுத்தல்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கூப்பிடு குரல் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. விடியுமுன் பெரட்டு மணி அடித்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த மணி கேட்டு எழுந்தவர்கள் உண்டு. மணி அடிக்குமுன்பே எழுந்து, அடுப்பு மூட்டி, சோறு கட்டி, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கு நடந்த தாய்மார்களும் உண்டு. அந்தத் தாய்மார்களிடம் ஓர் அதிசயத்தை நாம் பார்த்திருக்கிறோம். லயத்துத் தகரக் கூரையில் மழை இடித்துக் கொட்டும். அவர்கள் அயர்ந்து தூங்குவார்கள். பக்கத்தில் கிடக்கும் கைக்குழந்தை இலேசாக முனகும், உடனே விழித்துக்கொள்வார்கள். இடிக்கு எழாத காது முனகலுக்கு எழுகிறது. அந்தக் காதுக்கு அதை யார் பழக்கினார்கள்?

கிறிஸ்தவ வாழ்வில் இறைவனுடைய அழைத்தலுக்கு விழிப்பாய் இருப்பது எப்படி என்று இன்று பேச வந்திருக்கிறோம். அழைத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் குருமடத்துக்குப் போகும் பையனும், கன்னியர் மடத்துக்குப் போகும் பெண்ணும்தான் பலர் நினைவுக்கு வருகிறார்கள். நமக்கு ஐந்து பிள்ளைகள், மாதக் கடைசியில் மளிகைக் கடன், இதிலே நம்மை யார் அழைக்கப் போகிறார் என்று இருந்துவிடுகிறோம். அந்த எண்ணத்தைச் சற்றே தள்ளி வைத்துவிட்டுக் கேளுங்கள். கிறிஸ்தவரல்லாத நேயர்களும் கூட இருந்து கேட்கலாம். கதை வேதாகமத்துக் கதையானாலும், அதில் வருகிற வீடு நம் எல்லார் வீட்டையும் போன்றதுதான்.

பழைய ஏற்பாட்டில் சாமுவேல் என்ற சிறுவன் வருகிறான். அவன் தாய் அன்னா, பல காலம் பிள்ளையில்லாமல் அழுது பெற்ற பிள்ளை. பெற்ற பிள்ளையைச் சீலோவிலிருந்த ஆண்டவரின் இல்லத்தில், ஏலி என்ற முதிய குருவிடம் கொண்டுவந்து விட்டாள். ஆண்டுதோறும் அளவு பார்த்து ஒரு சிறிய மேலாடை தைத்துக் கொண்டுவருவாள். (ஜூலை 26ஆம் நாளில் நம்மவர்கள் கூட்டங்கூட்டமாகப் புக்கிட் மெர்தாஜத்துக்குப் போகிறோமே, அந்தப் புனித அன்னம்மாளின் பெயரும் இந்த அன்னாவின் பெயரும் ஒன்றே.) ஏலிக்குக் கண் மங்கிவிட்டது. சாமுவேல்தான் அவருக்குக் கையும் காலும். ஓர் இரவு, விளக்கு இன்னும் அணையாத நேரம், சாமுவேலை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவன் எழுந்து ஓடுகிறான். எங்கே? ஏலியிடம். கிழவர் தண்ணீர் கேட்டிருப்பார், போர்வை கேட்டிருப்பார் என்று நினைத்திருப்பான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார் ஏலி. மறுபடியும் குரல், மறுபடியும் ஓட்டம், மறுபடியும் அதே பதில். மூன்றாம் முறையும் அவன் வந்து நின்றபோதுதான் ஏலிக்குப் புரிகிறது, பையனை அழைப்பவர் ஆண்டவர் என்று. இனிமேல் குரல் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்.

இந்தக் கதையில் நாம் அதிகம் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஆண்டவருடைய குரல் சாமுவேலின் காதில் ஏலியின் குரலைப் போலவே விழுந்திருக்கிறது. இல்லாவிட்டால் மூன்று முறையும் அவன் ஏன் கிழவரிடம் ஓட வேண்டும்? வானம் பிளந்து, பூமி அதிர்ந்து வரும் குரலாயிருந்தால் ஒரே தடவையில் தெரிந்திருக்கும். வந்தது பழகிய குரல், வீட்டுக்குள் தினமும் கேட்கிற குரல். அதோடு, ராத்திரியில் எழுந்து கிழவருக்குப் பணிவிடை செய்து பழகிய பையனாயிருந்ததால்தான் அந்தக் குரலுக்கு அவன் எழுந்தான். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, கிழவருக்கு வேறு வேலையில்லை என்று முணுமுணுத்திருந்தால் முதல் அழைப்போடு கதை முடிந்திருக்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஜார்ஜ்டவுனில் பினாங்கு சாலை வழியாகப் போகிறவர்கள் புனித சவேரியார் கோயிலைப் பார்த்திருப்பார்கள். தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த கோயில் அது. சவேரியாரைக் கோவாவின் புனிதர் என்றும் மலாக்காவுக்கு வந்தவர் என்றும் நமக்குத் தெரியும். அவர் கிழக்கே வந்த விதம்தான் நம் பேச்சுக்கு வேண்டியது.

1540ஆம் ஆண்டு. போர்த்துக்கல் அரசர் இந்தியாவுக்குக் குருக்களை அனுப்பும்படி கேட்கிறார். இஞ்ஞாசியார் இரண்டு பேரைக் குறிக்கிறார். அந்த இரண்டு பேரில் சவேரியார் இல்லை. அவர் ரோமாபுரியில் இஞ்ஞாசியாருக்குக் கடித வேலை பார்த்துக்கொண்டிருந்தார். புறப்பட வேண்டிய நேரத்தில், குறிக்கப்பட்டவர்களில் ஒருவரான பொபதில்லா காய்ச்சலில் விழுந்துவிடுகிறார். தூதுவர் காத்திருக்க முடியாது. இஞ்ஞாசியார் சவேரியாரைக் கூப்பிட்டு, இந்த வேலை உனக்கு என்கிறார். சவேரியார் மறுநாள் கிளம்பிவிட்டார். கிழிந்த துணியைத் தைத்துக்கொள்ளத்தான் நேரமிருந்தது என்று சொல்வார்கள். 1541 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பலேறி, 1542 மே மாதம்தான் கோவா வந்து சேர்ந்தார். பதின்மூன்று மாதப் பயணம். அந்த ஆண்டிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்தார். நம்மில் சிலருடைய முன்னோர் அந்தக் கரையிலிருந்து வந்தவர்கள்.

அங்கே அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு மந்திரங்களைத் தமிழில் எழுதச் செய்து, மனப்பாடம் பண்ணினார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போவார். பிள்ளைகள் கூடுவார்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மணியடித்துக் கூப்பிட்டவர், தாமே இன்னொருவர் பெயருக்கு வந்த கூப்பிடுதலுக்கு எழுந்து வந்தவர்தான். 1545இல் மலாக்காவுக்கு வந்தார். அங்கிருந்து மொலுக்குத் தீவுகள், ஜப்பான். 1552 டிசம்பரில் சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில் இறந்தார். அவருடைய உடல் சில மாதங்கள் மலாக்கா மலைக்கோயிலில் கிடந்து, பிறகு கோவாவுக்குப் போயிற்று.

வேலைக்கு வராதவனுடைய நிரையை இன்னொருவர் தலையில் மண்டோர் கட்டிவிட்டால் நமக்கு எப்படியிருக்கும் என்று தோட்டத்தில் உழைத்தவர்களுக்குத் தெரியும். இது என் வேலையல்ல என்பது நியாயமான பதில்தான். சம்பளக் கணக்கில் அந்த நியாயத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றே நாமும் சொல்வோம். ஆனால் படுத்த படுக்கையான அண்ணியைக் குளிப்பாட்டுவதும், அப்பனில்லாப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவதும் யாருடைய நிரை? இவை யார் பெயருக்கும் எழுதி வருவதில்லை. பொபதில்லாவின் காய்ச்சலைப் போல் நம் வாசலில் வந்து விழுகின்றன.

பினாங்கில் இன்னொரு பழைய வீடு இருக்கிறது. காலேஜ் ஜெனரல் என்று சொல்லப்படும் குருமடம். ஆசிய நாட்டுப் பிள்ளைகளையே குருக்களாக உருவாக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு, பாரிசு மறைபரப்புச் சபையார் 1665இல் சயாமின் அயுத்தியா நகரத்தில் தொடங்கியது. பர்மியப் படைகள் சயாமுக்குள் புகுந்தபோது, 1765 வாக்கில், ஆசிரியரும் மாணவரும் அங்கிருந்து ஓடினார்கள். கடலோரமாகக் கம்போடியா எல்லைப் பக்கம் ஹோன்தாத் என்ற இடத்தில் மறுபடி கூடினார்கள். அங்கே ஆசிரியர்களைச் சிறையிலிட்டார்கள். 1769இல் அந்த இடமும் தாக்கப்பட்டது. மிஞ்சியவர்கள் போய்ச் சேர்ந்த இடம் நம் தமிழ்க் கரை. புதுச்சேரிக்குத் தெற்கே, அரிக்கமேட்டை ஒட்டிய வீராம்பட்டினம். 1770இலிருந்து பத்தாண்டுக்குச் சற்று மேல் அங்கே பாடம் நடந்தது. பிறகு அதுவும் மூடப்பட்டது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அந்தக் குருமடமே இல்லை. 1808இல்தான் பினாங்குத் தீவில் மறுபடி தொடங்கினார்கள். 1984இல் தஞ்சோங் பூங்கா பகுதிக்கு மாறியது.

சீனர், வியட்நாமியர், சயாமியர், பர்மியர், பின்னாளில் கொரியர் என்று பலரும் அங்கே வந்து படித்தார்கள். ஒருவர் பாஷை ஒருவருக்கு விளங்காது. எல்லாரும் லத்தீனில் பேசிக்கொண்டார்கள். 1821இல் லொரான் இம்பேர் என்ற பிரெஞ்சு இளங்குரு சீனாவுக்குப் போகும் வழியில் சில மாதம் அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் கொரியாவின் ஆயரானார். 1839இல் அங்கே விசுவாசிகளைத் தேடித்தேடிக் கொன்றபோது, தம்மைத் தேடித்தான் இந்த வேட்டை என்று உணர்ந்து தாமாகவே பிடிபட்டார். கூட இருந்த குருக்கள் இருவரையும் வெளியே வரச் சொன்னார். அவர்களில் ஒருவரான சஸ்தான் சுவாமியாரும் பினாங்கில் ஆசிரியராயிருந்தவர். மூவரும் அந்தச் செப்டம்பரில் கொல்லப்பட்டார்கள். 1984இல் சேயோல் நகரில் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் அவர்களைப் புனிதர்களாக உயர்த்தினார்.

இதெல்லாம் பெரிய மனிதர் கதை, பரதேசத்தார் கதை என்று தோன்றலாம். சுங்கைப்பட்டாணி நமக்குப் பரதேசமல்ல. அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ் 1932 ஏப்ரல் 22ஆம் நாள் அங்கே ஓர் இந்தியக் குடும்பத்தில் பிறந்தார். சுற்றிலும் ரப்பர்க் காடு. ஒன்பது வயதில் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். நம் பாட்டன்மார் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்த காலம் அது. அவர் காலேஜ் ஜெனரலில் படித்துக் குருப்பட்டம் பெற்றது 1966 டிசம்பரில். அப்போது அவருக்கு 34 வயது. நம் வீடுகளில் 34 வயதுக்காரன் என்றால் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். வாழ்க்கை இன்னதென்று முடிவாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறவன். அவர் அந்த வயதில்தான் பலிபீடத்துக்கு வந்து நின்றார். 1978இல் பினாங்கு ஆயர். 1983இல் கோலாலம்பூர் பேராயர். 2003இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்றவர் எங்கே போனார்? தாம் படித்த அதே குருமடத்துக்குத் திரும்பி வந்து, குருமாணவர்களுக்கு ஆன்ம வழிகாட்டியாயிருந்தார். ஆன்ம வழிகாட்டி என்றால் என்ன வேலை என்று கேட்பீர்கள். பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. இருபது வயதுப் பையன் வந்து, எனக்குள் ஏதோ ஒரு குரல் கேட்கிறது, அது கடவுளா, என் ஆசையா, அம்மாவின் ஆசையா தெரியவில்லை என்பான். பொறுமையாகக் கேட்க வேண்டும். ஏலியின் வேலை. 2016 நவம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைக் கர்தினாலாக்கினார். மலேசியாவின் முதல் கர்தினால். பத்திரிகைகள் அதைத்தான் பெரிதாகப் போட்டன. அப்போது அவருக்கு 84 வயது. எண்பதைக் கடந்தவர்களுக்குப் பாப்பரசரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இல்லையாகையால் அந்தப் பட்டத்தோடு புதிய அதிகாரம் ஒன்றும் வந்துவிடவில்லை. நம் கணக்கில், பட்டத்தைவிட, திரும்பி வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளே பெரியவை. 2020 அக்டோபர் 28ஆம் நாள் அவர் காலமானார்.

குருக்களும் ஆயர்களுமாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். குடும்பப் பெண்ணுக்கு வந்த அழைப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். சிபில் கதிகாசு என்ற பெயர் பேராக் நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். யுரேசியக் குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கப் பெண், மருத்துவத் தாதி, பிரசவம் பார்ப்பவர். கணவர் டாக்டர் ஏ. சி. கதிகாசு நம் தமிழர். ஈப்போவில் மருந்தகம் வைத்திருந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டு விழுந்ததும் பாப்பான் என்ற சிற்றூருக்குக் குடிபோனார்கள். காட்டுக்குள்ளிருந்து ஜப்பானியரை எதிர்த்தவர்கள் காயத்தோடு இரவில் அந்த வீட்டுக்கு வந்தார்கள். கதவைத் தட்டுகிறவனுக்கு மருந்து போட்டால் தன் குடும்பத்தின் தலை போகும் என்பது அந்த அம்மையாருக்குத் தெரியும். கதவைத் திறந்தார். மறுநாள் வேறொருவன் வந்தான், திறந்தார். வானொலிப் பெட்டியை மறைத்து வைத்து லண்டன் செய்தியையும் கேட்டு வந்தார். வெளிநாட்டு வானொலி கேட்பதே குற்றமாயிருந்த காலம் என்பதை, சாவகாசமாக வானொலி கேட்கும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1943இல் பிடித்துக்கொண்டு போய் வதைத்தார்கள். அவர் வாயைத் திறக்க, சின்ன மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினார்கள். பெயர்களை அவர் சொல்லவில்லை. குழந்தை உயிரோடு இறக்கப்பட்டது. 1945இல் விடுதலையானபோது அவருக்கு நடக்க முடியவில்லை. மருத்துவத்துக்குப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே 1948 ஜூனில் இறந்தார். மறு ஆண்டு உடலைக் கொண்டுவந்து ஈப்போவில் அடக்கம் செய்தார்கள்.

அவர் தட்டிய முதல் கதவுக்கே தம் உயிரைக் கொடுப்பதாக உறுதி எடுத்துக்கொண்டு எழுந்தவர் என்று நாம் எண்ணவில்லை. தாதி ஒருத்தி காயம்பட்டவனைப் பார்த்தாள்; அவ்வளவுதான் முதல் இரவு. பிரசவ வலி என்று எந்த நேரத்தில் யார் வந்து தட்டினாலும் எழுந்து போன வருடங்கள் அவருக்குப் பின்னால் இருந்தன. காது அங்கே பழகியிருந்தது.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். நேற்று வெட்டிய கோட்டில் பால் தானாக உறைந்து, வாயை அடைத்துக்கொண்டிருக்கும். மரத்தில் பால் இல்லாமலில்லை, வழி அடைத்திருக்கிறது. ஒட்டுப்பாலை உரித்துவிட்டு, மெல்லிசாக ஒரு சீவல் எடுத்தால் மறுபடி மங்குக்கு ஓடும். அதையும் வெயில் ஏறுமுன் செய்தால்தான் நன்றாக ஓடும். பதினொரு மணிக்கு வெட்டினால் என்ன கிடைக்கும் என்று கேட்டால் பழைய வெட்டாள் சிரிப்பார். ஆழமாக வெட்டிவிட்டாலோ மரம் காயப்பட்டு, பட்டை கரடு கட்டிப் போகும். அந்த இடத்தில் பல வருடம் உளி வைக்க முடியாது. வருடத்துக்கு ஒரு முறை மூன்று நாள் தியானத்தில் அழுது தீர்த்துவிட்டு, மற்ற நாளெல்லாம் செபமின்றி இருப்பது ஆழ வெட்டுதான் என்பது நம் கருத்து. ராத்திரி படுக்குமுன் ஐந்து நிமிடம், இன்றைக்கு யார் என்னைக் கூப்பிட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று யோசிப்பது மெல்லிய சீவல். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் செய்யலாம். காசு செலவில்லை.

தனி ஆளாக இதைச் செய்வது கடினம் என்பதும் உண்மை. அதனால்தான் கூட்டுச் செபம் என்று ஒன்று இருந்தது. தோட்டக் கோயிலுக்குக் குருவானவர் மாதம் ஒரு முறை வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியாரோ, வாசிக்கத் தெரிந்த ஒரு கிராணியோ, குரல் வளமுள்ள ஒரு பாட்டியோ செபத்தை நடத்தினார்கள். 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் திருச்சபையைப் புதுப்பிப்பது பற்றிப் பேச ஒரு மாதம் ஒன்றாய்க் கூடினார்கள். அந்த மாதம் பங்குகளைப் பொதுநிலையினர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார்கள். பட்டணத்துக் கோயில்களில் அது பெரிய புதுமை. தோட்டத்தாருக்கு அது பழைய வழக்கந்தான்! அந்தக் கூட்டத்திலிருந்து வளர்ந்ததே பக்கத்துப் பக்கத்து வீட்டார் கூடிச் செபிக்கும் சிறு சமூகங்கள். அன்பியம் என்று நாம் சொல்வது.

அதற்குப் பின் தோட்டங்களே கலைந்துபோயின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பும் தொழிற்சாலையும் வந்தன. 2014இல் திறந்த இரண்டாம் பினாங்குப் பாலம் கரையேறுகிற பத்து காவான் ஒரு காலத்தில் தோட்டம் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். லயத்தில் வரிசையாயிருந்த குடும்பங்கள் அடுக்குமாடிகளில் மாடிக்கொன்றாய்ச் சிதறின. லயத்தில் ஒரு வீட்டில் செபம் தொடங்கினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். அடுக்குமாடியில் எட்டாம் மாடிச் செபம் ஏழாம் மாடிக்குக் கேட்காது. கூப்பிட ஆளில்லை என்று நாம் காத்திருக்கிறோம். அவரும் அப்படியே காத்திருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் மாடிப்படி இறங்கிப் போய் ஒரு கதவைத் தட்டுகிற வேலை யாருக்கு எழுதியிருக்கிறது? பொபதில்லா காய்ச்சலில் கிடக்கிறார்.

ஏலியிடம் திரும்புவோம். கதையின் கடினமான பாகத்தை இன்னும் நாம் சொல்லவில்லை. நான்காம் முறை குரல் வந்தது. சாமுவேல் சொல்லிக்கொடுத்தபடி பதில் சொன்னான். ஆண்டவர் அவனிடம் சொன்ன செய்தி என்ன? அது ஏலியின் வீட்டைப் பற்றியது. ஏலியின் மகன்கள் குருக்களாயிருந்துகொண்டே காணிக்கையைக் கொள்ளையடித்தார்கள். தகப்பன் தெரிந்திருந்தும் தடுத்து நிறுத்தவில்லை. அந்த வீட்டுக்குத் தண்டனை உறுதி என்பது செய்தி. வளர்த்த கிழவரிடம் சின்னப் பையன் இதை எப்படிச் சொல்வான்? பயந்தான். மறைக்கப் பார்த்தான். காலையில் ஏலி கூப்பிட்டு, ஒன்றையும் ஒளிக்கக் கூடாது என்று வற்புறுத்திக் கேட்டார். கேட்டபின் பையனை அடிக்கவில்லை. நேற்று வந்த சிறுவன் எனக்குப் புத்தி சொல்வதா என்று சீறவில்லை. ஆண்டவர் நல்லதென்று கண்டதைச் செய்யட்டும் என்று ஏற்றுக்கொண்டார். பிள்ளைகளை அடக்கத் தவறிய தகப்பன் என்று ஏலியைக் குறைசொல்லிப் பிரசங்கம் செய்வார்கள். குறை உண்டு. ஆனால் தம் வீட்டுக்கு எதிரான சொல்லை ஒரு பையன் வாயிலிருந்து கேட்டுவாங்கிக்கொள்ளும் துணிவு எத்தனை தகப்பனுக்கு இருக்கிறது?

நம் வீடுகளில் இந்தக் காட்சி நடக்காமலில்லை. அப்பா, இன்றைக்குச் சம்சு வேண்டாம்ப்பா என்று ஏழு வயதுப் பிள்ளை சொல்கிறது. அம்மா, நான் பள்ளிக்கூடத்தை விடமாட்டேன், வேலைக்கு அனுப்பாதே என்று பெண் அழுகிறாள். கன்னியர் மடத்துக்குப் போகிறேன் என்கிறாள் இன்னொருத்தி. அவள் சம்பளத்தை நம்பித் தம்பியின் படிப்பு நிற்கிறது. இவற்றுக்கெல்லாம் ஒரே பதில் கிடையாது. சம்பளம் இல்லாமல் அடுப்பு எரியாது என்பதும் பொய்யல்ல. மடத்துக்குப் போகிறேன் என்று பெண் சொல்வதெல்லாம் தேவ அழைத்தல் என்றும் சொல்லிவிட முடியாது. ஏலியும் முதல் இரண்டு முறை போய்ப் படு என்றுதான் சொன்னார். ஆனால் மூன்றாம் முறை பையன் வந்து நின்றபோது, திரும்பத் திரும்ப வருகிற இதில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தார். சம்சுப் புட்டியைப் பற்றிப் பிள்ளை எத்தனை முறை சொல்லியிருக்கிறது என்று தகப்பன்மார் எண்ணிப் பார்க்கலாம். மூன்றுக்கு மேலிருக்கும்.

சாமுவேல் அந்த இரவு முழுவதும் தூங்கியிருக்கமாட்டான். அவன் கேட்ட செய்தி அப்படிப்பட்டது. ஆனால் விடிந்ததும் அவன் செய்த முதல் வேலை என்னவென்று வேதாகமம் சொல்லத் தவறவில்லை. எழுந்துபோய், தினமும் செய்கிறபடியே, ஆண்டவருடைய இல்லத்தின் கதவுகளைத் திறந்துவைத்தான். அதன் பிறகுதான் ஏலி அவனைக் கூப்பிட்டார்.